ஸ்டட்டோடு கழன்று வரும் மரைப் புஷ்
எஞ்சின் பராமரிப்பில் ஒரு பாடம்

புரி என்னும் சொல் நெசவாளர்க்குப் புதியதன்று. ஒற்றைப் புரி, இரட்டைப் புரி, முப்புரி என நாள்தோறும் நூலைக் கையாளும்போது வழங்கும் சொல் அது. இரும்புத் தொழிலிலும் அச்சொல் உண்டு. ஆணியின் உடலைச் சுற்றி ஏறிச் செல்லும் வரையைத் திருகுபுரி என்று பாடநூல்கள் கூறும். பட்டறையில் அதனை மரை என்பர். நூலின் புரி தளர்ந்தால் துணி கெடும். ஆணியின் மரை கெட்டால் எஞ்சின் நிற்கும். விவசாயச் சங்கம் வாடகைக்கு விடும் நீரிறைக்கும் எஞ்சினாயினும், நெசவாளர் சங்கத்தின் சாயச் சாலைக்கு நீர் தரும் எஞ்சினாயினும், அது அங்கத்தினர் அனைவரின் பொதுச் சொத்து. ஆகவே அதன் மரைகளைப் பற்றி அங்கத்தினர் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

இப்பாடத்தை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. நான் ஆய்வுக்குச் சென்ற விவசாயச் சங்கம் ஒன்றில், எஞ்சினுக்குப் புதிய சிலிண்டர் ஹெட் வாங்கியதாகக் கணக்கில் பெருந்தொகை எழுதப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். சைலன்சரைத் தாங்கும் ஸ்டட் ஒன்று புகை கசிந்ததால் கழற்றப்பட்டதாம். அது பாதி வழியில் இறுகி நின்றது. மெக்கானிக் நீண்ட குழாயை ஸ்பானரில் மாட்டித் திருப்பினார், ஸ்டட் முறிந்தது. உள்ளே நின்ற துண்டைத் துளையிட்டு, அதில் முறிந்த ஆணி எடுக்கும் கருவியைச் செலுத்தினார். கருவியும் உள்ளேயே முறிந்தது. அக்கருவியின் எஃகு மிகக் கடினமானது. சாதாரணத் துளைக்கம்பி அதில் ஏறாது. அதனைச் சுற்றிக் குடைந்ததில் துளை கோணலாகி, ஹெட்டின் நீர்ப்பாதை வரை சென்றுவிட்டது. மூன்று வாரம் எஞ்சின் நின்றது. வாழைக் கன்றுகள் வேர் பிடிக்க வேண்டிய காலம் அது. நீரின்றிக் கன்றுகளை இழந்த அங்கத்தினர் சிலர், பொதுக்குழுவில் எழுந்து கேட்ட கேள்விக்கு நிர்வாகக் குழுவினரால் விடை கூற இயலவில்லை.

முறிந்த துண்டை வெளியே எடுத்த பிறகே உண்மை தெரிந்தது. அத்துளையில் முன்னமே ஒரு மரைப் புஷ் பொருத்தப்பட்டிருந்தது. ஸ்டட் தனியே கழலவில்லை. புஷ்ஷையும் பற்றிக்கொண்டு கழன்றது. அதனாலேயே பாதியில் இறுகிற்று. முந்திய ஆண்டில் வேறொரு மெக்கானிக் அந்தப் புஷ்ஷை வைத்திருக்கிறார். அதற்கான வவுச்சரில் “எஞ்சின் பழுது பார்த்த கூலி” என்ற சொற்களே இருந்தன. அந்த வவுச்சரைச் சரிபார்த்துக் குறியிட்டவன் நானே. தொகை சரி, கையொப்பம் சரி என்று கண்டேனேயன்றி, பார்த்த பழுது யாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஹெட் பிழைத்திருக்கும் என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

பின்னர் அவ்வூரில் அனுபவம் முதிர்ந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் இவ்வேலையின் முறையைக் கேட்டறிந்தேன். அவர் முதலில் கூறியது இதுதான்: “ஸ்டட்டை எந்தக் கடையிலும் வாங்கலாம், சார். ஓட்டையை எந்தக் கடையில் வாங்குவது?” இப்பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவே ஆகும்.

1. ஸ்டட்டும் புஷ்ஷும்

போல்ட்டுக்குத் தலை உண்டு. ஸ்டட்டுக்குத் தலை இல்லை. இரு முனைகளிலும் மரை வெட்டிய தண்டு அது. ஒரு முனை எஞ்சினின் உடலில் ஏறி நிலையாக நிற்கும். மறு முனையில் நட்டு ஏறும். பலமுறை கழற்றி மாட்டும் இடங்களில் தேய்மானம் நட்டோடு போகட்டும், விலை மிக்க வார்ப்பின் மரை தேயாதிருக்கட்டும் என்பதே ஸ்டட் வைப்பதன் நோக்கம்.

அங்ஙனம் இருந்தும் சில வேளைகளில் வார்ப்பில் உள்ள மரையே அழிந்துவிடும். அப்போது துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, அதில் ஓர் உறையைப் பொருத்துவர். அதன் உட்புறத்தில் பழைய அளவு மரையே இருக்கும். இவ்வுறை இரு வகைப்படும். முதலாவது, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றியது; ஹெலிகாயில் என்று கடைகளில் வழங்குவது. அதன் குறுக்களவு துளையைவிடச் சற்றுப் பெரிது. சுருக்கி உள்ளே ஏற்றியதும் விரிய முயன்று துளையை இறுகப் பற்றும். எம்8 அளவுச் சுருளுக்குத் துளை ஏறத்தாழ 8.3 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இரண்டாவது, உள்ளும் புறமும் மரை வெட்டிய கெட்டியான குழல். இதனையே இப்பாடத்தில் புஷ் என்று குறிப்போம்.

நன்றாகப் பொருத்திய உறை, மெதுவான வார்ப்பின் சொந்த மரையைவிட நெடுநாள் உழைக்கும். எனவே புஷ் வைத்த துளை குறைபாடுடையது என்று எண்ண வேண்டா. அங்கே புஷ் உள்ளது என்பதை அறியாமல் கைவைப்பதே குறைபாடு.

2. புஷ் ஏன் ஸ்டட்டோடு வருகிறது?

ஸ்டட்டின் வெளி மரை புஷ்ஷைப் பற்றியிருக்கிறது. புஷ்ஷின் வெளி மரை வார்ப்பைப் பற்றியிருக்கிறது. இவ்விரு பிடிகளில் எது தளர்ந்ததோ அதுவே முதலில் கழலும். உட்பிடி வெளிப்பிடியை மிஞ்சுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, துரு. இரும்பு துருவாகும்போது தான் முன் கொண்டிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளுக்கிடையே அதற்கு விரிய இடம் ஏது? ஆப்பு அடித்தாற்போல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது. சைலன்சர் பக்கத்து ஸ்டட்டுகள் நாள்தோறும் கொதித்து ஆறுவதால் அங்கே துரு விரைந்து ஏறும்.

இரண்டாவது, ஒட்டுதல். துருப்பிடிக்காத எஃகு துருவுக்கு இடம் தராதாயினும், எண்ணெயின்றி இறுக்கி உராய்ந்தால் மேற்பரப்புகள் ஒன்றையொன்று பற்றி, பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பசை. ஸ்டட் தளராதிருக்க மரைப் பசை பூசுவோர் உளர். புஷ்ஷின் வெளிப்புறத்தில் பூச வேண்டியதை உட்புறத்தில் பூசிவிட்டால் புஷ் ஸ்டட்டுக்கே உரியதாகிவிடும்.

நான்காவது, மரை மாற்றம். 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பார் மரைகளுக்குப் பொதுவான அளவு வகுத்தார். அதன்படி மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரையின் கோணமோ 60 டிகிரி. இங்கிலாந்தில் தோன்றிய லிஸ்டர் வகையைப் பின்பற்றி ராஜ்கோட்டிலும் பிற ஊர்களிலும் ஆக்கப்பட்ட எஞ்சின்களில் அங்குல மரையைக் காணலாம். 3/8 அங்குல விட்வொர்த் ஸ்டட்டின் குறுக்களவு ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர், அங்குலத்திற்கு 16 மரை, அதாவது மரைக்கு மரை 1.59 மில்லிமீட்டர். எம்10 மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர். ஆகவே எம்10 புஷ்ஷில் 3/8 அங்குல ஸ்டட் சில சுற்றுகள் தடையின்றி ஏறும். பத்துச் சுற்றில் வேறுபாடு 0.9 மில்லிமீட்டராகி இறுகும். “நன்றாக இறுகிவிட்டது” என்று மெக்கானிக் மகிழ்வார்; உண்மையில் மரை நசுங்கியிருக்கும்.

3. கழற்றும் முன் செய்ய வேண்டுவன

கம்பித் தூரிகையால் ஸ்டட்டின் அடியைத் துலக்கிக் கூர்ந்து நோக்குக. ஸ்டட்டைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே புஷ் உள்ளது. துரு ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓர் இரவு விட்டுவைத்தல் நன்று.

மறுநாள், வெள்ளை வண்ணத்தால் ஸ்டட், வளையம், வார்ப்பு ஆகிய மூன்றின்மீதும் குறுக்கே ஒரே நேர்க்கோடு இடுக. ஸ்டட்டின் வெளி முனையில் இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று எதிராக இறுக்கி, உள் நட்டை ஸ்பானரால் இடப்புறமாக மெல்லத் திருப்புக. வளையத்தின் கோடு அசையாமல் ஸ்டட்டின் கோடு மட்டும் நகர்ந்தால் நலம். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் புஷ்ஷும் வருகிறது என்று அறிக. அக்கணமே கையை நிறுத்துக. இந்த ஒரு கோட்டை அன்று இட்டிருந்தால் அச்சங்கத்தின் ஹெட் உடைந்திராது.

கையை நிறுத்துவது வேலையைக் கைவிடுவதற்கன்று, எண்ணிப் பார்ப்பதற்கே. புஷ் தடையின்றிச் சுழன்றால் இரண்டையும் சேர்த்தே வெளியே எடுத்துவிடலாம். அவற்றைப் பிரிக்கும் வேலையைப் பட்டறை மேசையில் வைத்துக்கொள்ளலாம். இறுகினால் பலம் கூட்டலாகாது. கால் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகத் திருப்பி, இடையிடையே எண்ணெய் விட்டு, பொறுமையுடன் வரவழைக்க வேண்டும்.

எஞ்சினில் இருக்கும்போதே சூடேற்றலாமா என்று கேட்பர். ஹெட் அலுமினியமாயின் மிதமான சூடு உதவும். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் துளை அகன்று புஷ் முழுவதும் ஸ்டட்டோடு வெளிவரும். வார்ப்பிரும்பாயின் நிலைமை வேறு. துளைக்குள் அடைபட்ட புஷ் வெளிப்புறமாக விரிய இயலாது. உட்புறமாக நெருங்கி ஸ்டட்டையே அழுத்தும். மேலும் வார்ப்பிரும்பின் ஓரிடத்தை மட்டும் கடுமையாகச் சூடாக்கினால் வெடிப்பு உண்டாகலாம். அங்கே ஸ்டட்டின் வெளி முனையை மட்டும் சூடாக்கி ஆறவிடுதலே தக்கது. விரிந்து சுருங்குகையில் துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழி விடும்.

தீயைக் கொண்டுவருமுன் டீசல் தொட்டியை அகற்றி, சிந்திய எண்ணெயைத் துடைத்துவிடல் வேண்டும். பாலியெஸ்டர் கலந்த உடை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்; பருத்தி உடை அங்ஙனம் உருகாது. நம் நெசவாளர் சங்கத்துக் கைத்தறிப் பருத்தி இவ்வேலைக்கும் ஏற்றதே. கண்ணாடி அணிதல் இன்றியமையாதது.

4. புஷ்ஷை ஸ்டட்டிலிருந்து பிரித்தல்

முதலில் ஒரு கேள்வி: இதனைப் பிரிக்கத்தான் வேண்டுமா? அதே அளவு ஸ்டட் அருகிலுள்ள கடையில் கிடைக்குமாயின் இரண்டையும் பழைய இரும்பில் சேர்த்துவிட்டுப் புதியன வாங்குவதே சிக்கனம். அரை நாள் கூலிக்குப் பல ஸ்டட்டுகள் வாங்கலாம். ஸ்டட்டின் நீளம் வழக்கத்துக்கு மாறானதாகவோ, மரை எளிதில் கிடைக்காத பழைய அங்குல அளவாகவோ இருந்தால்தான் பிரிக்கும் முயற்சி தகும்.

கம்பிச் சுருளாயின் வேலை எளிது. சுருளின் நுனியைக் கூரிய ஊசியால் நெம்பி எழுப்பி, மூக்குக் குறட்டால் பற்றி, கண்டிலிருந்து நூலை அவிழ்ப்பதுபோல் சுற்றுச் சுற்றாக இழுத்து அவிழ்க்கலாம். அவிழ்த்த சுருளை மீண்டும் பயன்படுத்தலாகாது.

கெட்டியான புஷ்ஷாயின் முறை பின்வருமாறு:

அ. ஸ்டட்டின் மறு முனையில் இரண்டு நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, அந்நட்டுகளை வைஸில் பிடிக்க. மரையை நேரே வைஸில் பிடித்தால் ஸ்டட் கெடும்.

ஆ. எண்ணெய் இட்டு ஊறவிட்டு, புஷ்ஷின் மேல் சிறு சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டுக. துருவின் பிடி தளரும்.

இ. மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, புஷ்ஷின் வெளிப்புறத்தை மட்டும் தீயால் விரைவாகச் சூடாக்குக. ஸ்டட் சூடாகுமுன் புஷ் சூடாதல் வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். துருப்பிடிக்காத எஃகுப் புஷ்ஷாயின் இரண்டும் ஒரே சூட்டை அடைந்தாலும் புஷ் ஒன்றரை மடங்கு மிகுதியாக விரியும். 10 மில்லிமீட்டர் குறுக்களவில் 200 டிகிரி சூடு ஏறினால் ஸ்டட் 0.024 மில்லிமீட்டரும், புஷ்ஷின் உட்புறம் 0.034 மில்லிமீட்டரும் விரியும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே. எனினும் துருவின் பிடியை உடைக்க அது போதும். பசையால் ஒட்டியிருப்பின், வலுவான மரைப் பசைகளும் 250 டிகிரி அளவில் இளகிவிடும்.

ஈ. சூடு ஆறுமுன் குழாய் ஸ்பானரால் புஷ்ஷைப் பற்றி, புஷ் உள்ள முனையிலிருந்து நோக்க இடப்புறமாகத் திருப்புக. சிறிது அசைந்ததும் முன்னும் பின்னுமாக ஆட்டி வெளியே எடுக்க.

உ. இதற்கும் இசையாவிடில், புஷ்ஷின் இரு எதிர்ப்பக்கங்களிலும் நீளவாக்கில் ஹாக்ஸாவால் அறுக்க. ஸ்டட்டின் மரையைத் தொடுமுன் நிறுத்துதல் வேண்டும். பின்னர் அறுத்த பள்ளத்தில் சிறு உளியை வைத்து ஓர் அடி அடித்தால் புஷ் இரண்டாகப் பிளக்கும்.

இவ்வாறு எடுத்த புஷ்ஷை மீண்டும் பொருத்துதல் கூடாது. குழாய் ஸ்பானரின் பல் பட்ட வெளி மரை துளையின் மரையையும் அழித்துவிடும். ஸ்டட்டின் மரையில் புதிய நட்டு ஒன்றைக் கையாலேயே முழு நீளமும் ஓட்டிப் பார்க்க. எங்கேனும் தடைப்பட்டால் அந்த ஸ்டட்டையும் விலக்குக.

5. துளையைப் பேணுதல்

இப்போது நாம் காக்க விரும்பிய பொருளுக்கு வருவோம். துளையின் அடியில் புகைவழி திறந்திருந்தால் துணியால் அடைத்து, இரும்புத்தூள் உள்ளே விழாமல் காத்து, மரையைச் சுத்தம் செய்க. துளையின் மரை நன்றாயிருந்தால் அதே அளவுப் புதிய புஷ்ஷை ஏற்றலாம். மரை தேய்ந்திருப்பின் ஒருபடி பெரிய புஷ் வேண்டும். அதற்கு முன் துளைக்கும் நீர்ப்பாதைக்கும் இடையே போதிய கனம் உள்ளதா என்பதைத் தேர்ந்த பட்டறைக்காரர் காணல் வேண்டும். துளையிடும் வேலையைக் கைப்பழக்கமில்லாதார் தொடுதல் ஆகாது.

கம்பிச் சுருளாயின் அதன் மேல் நுனி வார்ப்பின் மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்றுவரை தாழ்ந்திருக்க வேண்டும். ஏற்றுவதற்கு உதவிய அடிநாக்கை ஒடித்து மறவாமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஸ்டட்டின் மரையில், சூடு தாங்கும் நிக்கல் அல்லது செம்பு கலந்த மசகைச் சிறிதளவு பூசுக. அடுத்த முறை ஸ்டட் தனியே கழல்வதற்கு இதுவே உறுதி. மசகு பூசிய மரை எளிதாகச் சுழலும். உலர்ந்த மரைக்குக் கூறிய அதே பலத்தை இங்கே செலுத்தினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். ஆகவே சற்றுக் குறைத்தே முறுக்குதல் வேண்டும். பாவின் இழுவிசை மிகுந்தால் நூல் அறும் என்பதை அறிந்த நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

6. எழுதி வைத்தல்

ஸ்டட் மாட்டி, எஞ்சின் ஓடி, நீர் பாய்ந்ததும் வேலை முடிந்ததாக எண்ணுவோம். முடியவில்லை. அடுத்து அத்துளையில் கைவைப்பவர் வேறொருவராக இருப்பார். செயலாளர் மாறுவார், மெக்கானிக் மாறுவார், ஆய்வாளரும் மாறுவார். மாறாமல் நிற்பது பதிவேடு ஒன்றே.

எனவே ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனிப் பதிவேடு வைத்து, பின்வருமாறு எழுதுதல் வேண்டும்: “சைலன்சர் பக்கம், மேலிருந்து இரண்டாவது ஸ்டட். அளவு எம்10, மரை இடைவெளி 1.5 மி.மீ. பழைய புஷ் ஸ்டட்டோடு கழன்றது. அதே அளவில் புதிய எஃகுப் புஷ்ஷும் புதிய ஸ்டட்டும் வைக்கப்பட்டன. ஸ்டட்டுக்கு மசகு பூசப்பட்டது.” தேதியும், வேலை செய்தவர் கையொப்பமும், பார்த்தவர் கையொப்பமும் இட்டு, வவுச்சர் எண்ணையும் குறிக்க. வவுச்சரிலும் இதே செய்தி சுருக்கமாக இருத்தல் வேண்டும். ஹெட்டின்மீது அந்த ஸ்டட்டின் அருகே ஒரு சிறு வண்ணப் பொட்டு இட்டுவைத்தால் எழுத்தறியாதாரும் எச்சரிக்கை கொள்வர்.

“எஞ்சின் பழுது பார்த்த கூலி” என்று மட்டும் எழுதிய வவுச்சரை நான் இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன். செயலாளர் சிலர் இதனால் மனம் வருந்துகின்றனர். பணம் சரியாகச் செலவாயிற்றா என்று காட்டுவது மட்டும் கணக்கன்று. பொதுச் சொத்து எந்நிலையில் உள்ளது என்பதை அடுத்து வருபவர்க்குச் சொல்வதும் கணக்கே. அதனை அவர்கள் உணரின் என்மீது வருத்தம் கொள்ளார்.

படிப்புக் குழுவில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்து எஞ்சினில் புஷ் வைத்த துளைகள் எத்தனை? அதனை எந்தப் பதிவேட்டைப் பார்த்துக் கூறுவீர்கள்?

2. உங்கள் எஞ்சினின் மரை அங்குல அளவா, மெட்ரிக் அளவா? சங்கத்தில் உள்ள நட்டுகளும் ஸ்டட்டுகளும் அவ்வளவுக்கு உரியனவா?

3. ஸ்டட்டோடு புஷ்ஷும் சேர்ந்து சுழல்வதை எவ்வாறு கண்டறிவீர்கள்? கண்டதும் செய்ய வேண்டுவது யாது?

4. சென்ற ஆண்டின் பழுதுபார்ப்பு வவுச்சர்களை எடுத்துப் படியுங்கள். அவற்றைக் கொண்டு, செய்த வேலை இன்னதென்று புதிய மெக்கானிக் ஒருவர் அறிய முடியுமா?